‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்ன ரேஞ்சருக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ஒரு புலிகள் காப்பகத்தில் வனச்சரக அலுவலராகப் பணியாற்றும் வாசகர் ஒருவர் ஏழு பக்கத்துக்கு எழுதிய கடிதம் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 31. வனத் தொழில் பழகுநர் தேர்வு எழுதி, பயிற்சி முடித்துப் பொறுப்பேற்று இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. அவருக்குக் கீழே இரு வனவர்களும், சில வனக்காப்பாளர்களும், தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு, ரோந்து சென்ற வனவரும் இரண்டு வேட்டைத் தடுப்புக் காவலர்களும் மலைக்குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் கடமான் இறைச்சியுடனும் ஒரு நாட்டுத் துப்பாக்கியுடனும் பிடித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நம் வாசகர் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஊருக்குள் இறங்கிவிட்ட யானையைத் திருப்பி அனுப்பும் வேலையில் இருந்தார். தொலைபேசியில் தகவல் சொன்ன வனவரிடம், “அண்ணே, ஆபீஸில் உட்கார வையுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்றார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவர் அலுவலகம் வந்தபோது மூவரும் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தார்கள். மதியம் அவரே வாக்குமூலம் எழுதி வாங்கினார். மூவரில் ஒருவர் வழிகாட்ட மட்டுமே வந்தவர் என்று வனவர் சொன்னதால், அவரை எந்தப் பதிவும் இல்லாமல் பிற்பகலில் அனுப்பிவிட்டார்கள். மற்ற இருவரையும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கைது செய்ததாக எழுதி, திங்கள் காலை பதினொரு மணிக்கு நடுவரிடம் ஆஜர்படுத்தினார்கள். அனுப்பப்பட்டவரோ கை வீங்கிய நிலையில் அரசு மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறார். மாவட்ட ஆட்சியருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் புகார் போயிருக்கிறது. துணை இயக்குநர் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்துள்ளார். ‘நாட்குறிப்பைச் சரிசெய்துவிடு, காவலர் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்திவிடு, மற்றபடி சட்டம் நமக்குத் துணை’ என்கிறார் மூத்த அலுவலர் ஒருவர். தான் யாரையும் அடிக்காதபோது தன்மீது எப்படிப் பொறுப்பு விழும் என்றும், வேலையை விட்டுவிடலாமா என்றும் வாசகர் கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் யாரையும் அடிக்கவில்லை என்பதை நம்புகிறேன். பன்னிரண்டு மணி நேரம் யானைக்குப் பின்னால் அலைந்த ஒருவர் இரவு பத்தரைக்கு வந்த அழைப்பில் அப்படிச் சொன்னது மனித இயல்பு என்பதையும் ஏற்கிறேன். இருந்தாலும் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலை தந்தது கையில் வீக்கத்தோடு போனவரின் புகார்கூட இல்லை. நாட்குறிப்பைப் பற்றிய அந்த யோசனைதான். ஆகையால் அதைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

நாட்குறிப்பில் கை வைக்காதீர்கள்

அந்த இரவின் நேரம் உங்கள் நாட்குறிப்பில் மட்டும் இல்லை. வனவர் உங்களை அழைத்த பத்தரை மணி தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. ஜீப் புறப்பட்டதும் திரும்பியதும் லாக்புக்கில் இருக்கின்றன. புலிகள் காப்பகம் என்பதால் ரோந்து சென்றவர்களின் கைப்பேசியில் எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலி ஓடிக்கொண்டிருந்திருக்கும். எந்த நிமிடத்தில் எந்த ஓடையருகே நின்றார்கள் என்பது அதில் கோடாகப் பதிந்திருக்கும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் திருத்துவது, நான்கு கதவுள்ள வீட்டில் ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு ஊருக்குப் போவது போன்றது.

பல ஆண்டுகளுக்கு முன் மலையடிவார நீதிமன்றம் ஒன்றில் நான் பார்த்த குறுக்கு விசாரணை நினைவுக்கு வருகிறது. மறுநாள் மாலைதான் கைது செய்தோம் என்று வன அலுவலர் உறுதியாகச் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரிடம் ஒரேயொரு தாளை நீட்டினார். அது அந்த அலுவலகமே செலவுக் கணக்கில் சேர்த்திருந்த ஓட்டல் ரசீது. முந்தைய நாள் தேதியிட்டு, இரவு உணவு எட்டுப் பொட்டலம் என்று எழுதியிருந்தது. அன்றிரவு பணியில் இருந்தவர்களோ நான்கு பேர். மீதி நான்கு பொட்டலம் யாருக்கு என்று அவர் கேட்டபோது, பதில் வராமல் கூண்டில் நின்ற அந்த அலுவலர் கெட்டவர் அல்லர். யாரோ சொன்னதைக் கேட்டவர். வேட்டை நடந்தது உண்மையாக இருந்தும் அந்த வழக்கு அன்றே செத்துப்போனது.

நாட்குறிப்பைத் திருத்தும் வரை உங்கள்மீது உள்ளது மேற்பார்வைக் குறைபாடும், சட்டவிரோதக் காவல் என்ற குற்றச்சாட்டும்தான். திருத்திய நொடியில், யாரையோ காப்பாற்றவோ கெடுக்கவோ பொய்ப் பதிவு உருவாக்கிய அரசு ஊழியர் என்ற தனிக் குற்றம் சேர்ந்துவிடும். அதற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதில் வனவரோ காவலரோ உங்களோடு பங்கு போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

காவல் எப்போது தொடங்கியது

ஞாயிறு மாலை நான்கு முதல் திங்கள் காலை பதினொன்று வரை பத்தொன்பது மணி நேரம்தானே ஆகிறது, இருபத்துநான்கு மணி நேர வரம்புக்குள்தானே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் தன் விருப்பப்படி எழுந்து போக முடியாமல் நிறுத்திவைக்கப்பட்ட நொடியிலிருந்துதான் நீதிமன்றங்கள் கணக்கெடுக்கின்றன. கைதுக் குறிப்பில் எழுதிய மணியிலிருந்து அன்று. அந்தக் கணக்கில் சனி இரவு பத்தரையிலிருந்து முப்பத்தாறரை மணி நேரம் ஆகிறது. மலைப்பாதையில் நீதிமன்றத்துக்குச் செல்லும் இரண்டு மணி நேரத்தைக் கழித்தாலும் வரம்பு மீறப்பட்டுவிட்டது. மேலும், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 50ஆம் பிரிவு, பிடிக்கப்பட்டவரை ‘உடனடியாக’ நடுவர் முன் கொண்டுசெல்லச் சொல்கிறதே தவிர, இருபத்துநான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 22ஆம் கூறு தருவது கடைசி எல்லை. அதுவரை உட்கார வைக்க உரிமை இருப்பதாக நம் அலுவலகங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றம் கிடையாது என்பதும் அப்படியொரு நம்பிக்கையே. பொறுப்பு நடுவரின் வீட்டுக் கதவை ஞாயிறு காலையிலேயே தட்டியிருக்கலாம். காவல் துறையினர் வாரந்தோறும் அதைச் செய்கிறார்கள். கைதின் காரணங்களைத் தெரிவித்ததற்கும், உறவினருக்குத் தகவல் சொன்னதற்கும், மருத்துவப் பரிசோதனை செய்ததற்கும் ஆவணம் வேண்டும். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று எழுத்தில் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. உங்கள் வழக்கும் அந்த வரம்புக்குள் வருவதுதான்.

மூன்றாவது மனிதரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கடந்து போகிறீர்கள். என் பார்வையில் வழக்கின் மையமே அவர்தான். ஏறத்தாழ பதினாறு மணி நேரம் அரசு அலுவலகத்தில் இருந்த ஒருவருக்கு அங்கே ஒரு வரிகூடப் பதிவு இல்லை; ஆனால் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் அவர் பெயரும், காயமும், ‘எப்படி ஏற்பட்டது’ என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலும் இருக்கும். அவரைச் சாட்சியாக அழைத்து வந்தோம் என்று இப்போது யாராவது எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வாக்குமூலமும் இணக்கக் கட்டணமும்

வன அலுவலர் காவல் துறை அதிகாரி அல்லர், ஆகவே நாங்கள் வாங்கும் வாக்குமூலம் செல்லும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததாக எழுதியுள்ளீர்கள். அது பாதி உண்மை. 50ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவின்படி சாட்சியம் பதிவுசெய்து, அதைப் பின்னர் விசாரணையில் பயன்படுத்தும் அதிகாரம், மாநில அரசு அதிகாரம் அளித்த, உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலருக்கே உண்டு. அதுவும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதிவாகியிருக்க வேண்டும். ரேஞ்சர் வாங்கியதற்கு அந்தத் தகுதி இல்லை. அடித்து வாங்கியதாக ஐயம் எழுந்தால், யார் வாங்கியிருந்தாலும் அது நிற்காது. உங்கள் வழக்கைத் தாங்கக்கூடியது இறைச்சி மாதிரியும், துப்பாக்கியும், பறிமுதலைப் பதிவுசெய்த மகஜரும், படிவம் 95இல் அவற்றை நீதிமன்றத்தில் ஒப்படைத்த தேதியும்தான். துப்பாக்கிக்குத் தனியாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றால் இன்றே கொடுங்கள்.

‘இருபத்தைந்தாயிரம் கட்ட வைத்து முடித்துவிடு, புகாரையும் திரும்ப வாங்கிவிடுவார்கள்’ என்று இன்னொருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புலிகள் காப்பகத்துக்குள் நடந்த வேட்டைக்குக் குறைந்தது மூன்றாண்டு சிறை என்று சட்டம் நிர்ணயித்துள்ளது. குறைந்தபட்சச் சிறைத் தண்டனை உள்ள எந்தக் குற்றத்தையும் 54ஆம் பிரிவின்கீழ் இணக்கமாக முடிக்க இயலாது. இயலும் குற்றங்களில்கூட அந்த அதிகாரம் துணை வனப் பாதுகாவலர் நிலையில்தான் தொடங்குகிறது. நீங்கள் பணம் வாங்கி ரசீது கொடுத்தால் அது செல்லாது. ரசீது கொடுக்காமல் வாங்கினால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

‘பி.சி.ஆர். போட்டு மிரட்டுகிறார்கள்’

இந்தத் தொடரைக் கடிதத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். பேச்சு வழக்கில் பி.சி.ஆர். என்று சொன்னாலும், நீங்கள் அஞ்சுவது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை. அதில் முன்ஜாமீனுக்குத் தடை உண்டு. முதல் நோக்கிலேயே குற்றம் தெரியாத வழக்குகளில் மட்டும் அந்தத் தடை தளரும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் விளக்கியது. இதை மிரட்டல் என்று நீங்கள் எழுதினால், உங்கள் பதில் விளக்கத்தைப் படிக்கும் முதல் அதிகாரியே உங்கள் மனநிலையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். கை வீங்கிய ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார்; அவ்வளவுதான் இப்போது தெரிந்த உண்மை.

‘பட்டாவே இல்லாத ஆக்கிரமிப்பாளர்கள்’ என்ற சொல்லையும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் நடைமுறை முடியும் வரை அவர்களை வெளியேற்ற இயலாது. தேன், கடுக்காய், நெல்லிக்காய் போன்ற சிறு வன மகசூலில் அவர்களுக்கு உள்ள உரிமை நீங்கள் தரும் சலுகை அன்று. அதே சட்டம் வேட்டையாடும் மரபுரிமையை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே கடமானைச் சுட்டது குற்றம் என்று நீங்கள் முழு உறுதியோடு சொல்லலாம்; அதைச் சொல்வதற்கு அவர்கள் குடியிருக்கும் உரிமையைக் கேள்வி கேட்கத் தேவையில்லை.

பாதுகாப்பு எதுவரை

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த செயல்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ரோந்து போனதும், தடுத்து நிறுத்தியதும், பறிமுதல் செய்ததும் அதற்குள் வரும். பதிவில்லாமல் ஒருவரை உட்கார வைத்ததையும், கைது நேரத்தை மாற்றி எழுதியதையும் நல்லெண்ணம் என்று வாதிட நானே தயங்குவேன். அரசின் முன்அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்று நீங்கள் நம்பியிருக்கும் விதி, அரசின் ஒப்புதல் இன்றிப் பணிநீக்கம் செய்ய இயலாத அலுவலர்களுக்கே பொருந்தும். உங்கள் நியமன ஆணையை எடுத்து, அதில் கையெழுத்திட்டவர் யார் என்று பாருங்கள். துறைத் தலைமை என்றால், அந்தக் குடை உங்கள் தலைக்கு மேல் இல்லாமல் போகலாம்.

வாச்சாத்தியை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. உங்கள் செயலை அதோடு ஒப்பிடவில்லை. அங்கே 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரத் தேடுதல் என்ற பெயரில் நடந்தது கொடூரம். ஆனால் அந்த வழக்கில் 2011இல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்த 215 பேரில் 126 பேர் வனத்துறையினர், இந்திய வனப்பணி அதிகாரிகள் உள்பட. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தபோது பலர் ஓய்வுபெற்று, முதியவர்களாகியிருந்தார்கள். மேலிடம் சொன்னது, கீழே உள்ளவர்கள் செய்தது என்ற இரண்டு வாதங்களும் அங்கே எடுபடவில்லை. மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் உயர் நீதிமன்ற முழு அமர்வு கூறிவிட்டது. இழப்பீட்டை உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கச் சொல்லும் ஆணைகள் அபூர்வமானவை அல்ல.

கீழே உள்ளவர் அடித்ததற்காக மட்டும் மேலே உள்ளவரைக் குற்றவியல் சட்டம் தண்டிப்பதில்லை என்பது உண்மையே. உங்கள் பொறுப்பு வனவரின் கையிலிருந்து வரவில்லை. ‘உட்கார வையுங்கள்’ என்ற உங்கள் சொல்லிலிருந்தும், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவர்களைப் பார்த்த உங்கள் கண்களிலிருந்தும், மாலை நான்கு என்று எழுதிய தாளில் உள்ள உங்கள் கையெழுத்திலிருந்தும் வருகிறது.

குறிப்பாணைக்குப் பதில்

ஏழு நாள் அவகாசம் தந்திருக்கிறார்கள். நாட்குறிப்பு, லாக்புக், கைதுக் குறிப்பு, புகார் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு, அவை கிடைத்த பின் பதினைந்து நாள் வேண்டும் என்று எழுத்தில் விண்ணப்பியுங்கள். பதிலை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள். அதில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் பின்னர் குற்றவியல் நீதிமன்றத்தில் படிக்கப்படலாம், உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லக் கட்டாயம் இல்லை. அதற்காகப் பொய் எழுதலாம் என்று பொருளில்லை. தெரிந்த நேரங்களைச் சுருக்கமாக எழுதலாம், அல்லது ஆவணங்கள் கிடைக்கும் வரை விளக்கத்தைத் தள்ளிவைக்கலாம்; வேறொரு நேரத்தை எழுதக்கூடாது. ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17-பி பிரிவில் குற்றச்சாட்டு வந்தால் முறையான விசாரணை நடக்க வேண்டும். அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் சிக்கல் வரும், அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அதே நிகழ்வுக்குக் குற்ற வழக்கும் பதிவானால், துறை விசாரணையைத் தள்ளிவைக்கக் கோருவதற்கு வழி இருக்கிறது.

காவலர் இருவரையும் நிறுத்தும் யோசனைக்கு இணங்காதீர்கள். தொகுப்பூதியக்காரர்கள் என்பதால் அவர்களை வெளியேற்றுவது எளிது, அதனால்தான் அந்த யோசனை முதலில் வருகிறது. அவர்களில் ஒருவர் அதே குடியிருப்பைச் சேர்ந்தவர், பிடிபட்டவருக்கு மாமன் முறை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரு பக்கமும் ஏச்சு வாங்கும் அந்த மனிதரைத் தெருவில் நிறுத்தினால், அவர் உங்களுக்கு எதிரான முதல் சாட்சியாவார். அதில் நியாயமும் இருக்கும்.

இருபத்திரண்டு ஆண்டு சர்வீஸ் உள்ள வனவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டுக்கொண்டே எப்படிக் கேள்வி கேட்பது என்ற உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. அண்ணே என்றே கூப்பிடுங்கள். ஆனால் யாரைப் பிடித்தாலும் பிடித்த நேரத்தையும் இடத்தையும் அந்த நிமிடமே நாட்குறிப்பில் ஏற்ற வேண்டும், இரவில் யாரையும் அலுவலகத்தில் வைக்கக்கூடாது, அழைத்து வந்த எவரையும் பதிவின்றி அனுப்பக்கூடாது என்று ஒரு பக்க உத்தரவை எழுதி, அவரிடமும் மற்றவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். தேதியை இன்றைய தேதியாகவே போடுங்கள், முன்தேதியிட வேண்டாம்.

வேலையை விடுவது பற்றி: விசாரணை நிலுவையில் இருக்கும்போது கொடுக்கும் ராஜினாமா ஏற்கப்படுவது கடினம், ஏற்கப்பட்டாலும் குற்ற வழக்கு நிற்காது. ஆகவே அது இப்போது எடுக்க வேண்டிய முடிவே இல்லை. உங்கள் மனைவி இடமாறுதல் கேட்கச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள்; அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. விசாரணை முடியும் வரை அதே சரகத்தில் அதே சாட்சிகளுக்கு மேலதிகாரியாக இருப்பது, நீங்கள் அவர்களை மிரட்டினீர்கள் என்ற அடுத்த புகாருக்கு இடம் கொடுக்கும். துணை இயக்குநரிடம் இதையே காரணமாகச் சொல்லி விண்ணப்பியுங்கள். அதற்கு முன், நாளைக் காலை அலுவலகம் போனதும், அந்தச் சனிக்கிழமைக்கான லாக்புக் பக்கத்தின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்; அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.